இருநூற்றுப் பதினொன்றாம் பக்கம்

க்டினியா துறைமுகத்தில்
என் வேலை நாற்பது மீட்டர் உயரத்தில்.
கண்ணாடிக் கூண்டு, இரண்டு நெம்புகோல்,
காலுக்கடியிலும் கண்ணாடி.
காற்று மிஞ்சினால் சிவப்பு விளக்கு எரியும்.
பிறகு எதையும் தூக்கக்கூடாது,
ஏணியில் இறங்கவும் கூடாது.
அப்படிக் கிடைத்த மணிநேரங்களில்தான்
நான் வாசகியானேன்.

பதினொரு வருஷம் முன்பு ஒரு நாவல்.
சந்தையில் எடைக்கு வாங்கியது,
முதுகுப் பசை காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.
புழுக்கம் என்று ஒரு விரல் அளவுதான்
ஜன்னலைத் தள்ளினேன்.
பால்டிக் காற்றுக்கு அந்த விரலிடை போதும்.
ஒரே ஒரு தாள்
மடியிலிருந்து எழுந்து,
எனக்கு ஒருமுறை முகம் காட்டி,
வெளியே போய்விட்டது.
கடற்புறா ஒன்று விலகி வழிவிட்டது.

இருநூற்றுப் பத்தாம் பக்கத்தின் கடைசி வரி:
'அவள் கதவைத் திறந்தபோது'
இருநூற்றுப் பதிமூன்றின் முதல் வரி:
'அதற்குப் பிறகு அந்த வீட்டில்
யாரும் உப்புக் கேட்கவில்லை.'

நடுவில் என்ன?
கீழே நின்று சைகை காட்டும் லெஸ்வாவிடம் கேட்டேன்.
'பிணம்' என்றான் ரேடியோவில், யோசிக்காமல்.
நான் நம்பவில்லை.
ஒரு குளிர்காலம் முழுக்க
கதவுக்கு வெளியே அவள் அண்ணனை நிற்கவைத்தேன்,
சிறையிலிருந்து நேராக வந்தவன், காலில் செருப்பில்லை.
அடுத்த வருஷம் கடன்காரன்.
எனக்கு விவாகரத்து ஆன வருஷம்
வெளியே யாருமே இல்லை,
பனி மட்டும், தாழ்ப்பாள் உயரத்துக்கு.

இந்தப் பிப்ரவரியில்தான் இந்தக் கருவி.
வேண்டாவெறுப்பாக வாங்கினேன்.
கண் மங்கிவிட்டது,
கையுறையைக் கழற்றினால் விரல் விறைக்கிறது.
மூக்கால் தொட்டாலும் பக்கம் திரும்புகிறது என்று
இரண்டாம் நாள் கண்டுபிடித்தேன்.
யாரும் பார்க்க முடியாத உயரம் இது.
எழுத்தைப் பெரிசாக்கினேன், இன்னும் பெரிசாக்கினேன்,
பக்கத்துக்கு ஒன்பது வரி நிற்கும்வரை.
வெட்கமில்லாத சந்தோஷம்.
நாலு மணிக்கே இருட்டிவிடும் ஊரில்
தன் வெளிச்சத்தைத் தானே வைத்திருக்கிற பலகை.
ரொட்டித் துண்டின் கனம், உள்ளே எண்பது நாவல்கள்.
நாற்பது டன் தூக்குகிறவள் நான்,
கனம் பற்றி எனக்குச் சொல்ல வேண்டாம்,
இருந்தும் கையில் வைத்து வைத்துப் பார்த்தேன்.
காற்று கூண்டை உலுக்குகிறது.
ஒரு பக்கம்கூட அசையவில்லை.

மார்ச்சில் அந்த நாவல் அதற்குள் வந்தது.
பக்க எண்ணே இல்லை, சதவீதம்தான்.
தேடலில் 'உப்பு' என்று இட்டேன்.
பதினேழு இடத்தில் உப்பு.
பதினான்காவது என்னுடையது.
வெளியே சிவப்பு விளக்கு. உடனே திறக்கவில்லை.
பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றி, பாதி குடித்து,
பிறகு மூக்கால் அல்ல, விரலால் தொட்டேன்.

அவள் கதவைத் திறந்தபோது
பக்கத்து வீட்டுக்காரி,
கையில் மீன் சூப்.
சூப்பில் உப்பு அதிகம்.
இரண்டு பக்கமும் அதைப் பற்றித்தான்.
யார் முகம் சுளித்தது,
யார் மரியாதைக்காக இன்னொரு கரண்டி வாங்கியது,
யார் பாத்திரத்தைக் கழுவித் திருப்பிக் கொடுத்தது.
அவ்வளவுதான்.

நாற்பது மீட்டரில் தனியாகச் சிரித்தால்
கீழே கேட்காது என்றுதான் நினைத்தேன்.
ரேடியோ பொத்தானை முழங்கை அழுத்தியிருக்கிறது.
'என்ன யோவிதா?'
'சூப்' என்றேன்.
'பிணம் இல்லையா?'
'இல்லை.'
கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும். பிறகு,
'என்ன மீன்?'

ஒரு சொல்லின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால்
குறிப்பெழுத ஓர் இடம் திறக்கும்.
எவ்வளவு எழுதினாலும் ஓரம் முட்டாத இடம்.
'திறந்தபோது'வைப் பிடித்தேன்.
செருப்பில்லாத அண்ணனை
பக்கத்து வீட்டுக்காரியின் பின்னால் நிறுத்தினேன்.
இருவரையும் உள்ளே கூப்பிட்டேன்.
அவனுக்கும் ஒரு கிண்ணம், ஒரு நாற்காலி.

விளக்கு பச்சையானது.
கீழே கப்பல் காத்திருந்தது,
லெஸ்வாவ் கையை உயர்த்திவிட்டான்.
திரையை மூடினேன்.
அவன் இன்னும் முதல் கரண்டியை
வாயில் வைக்கவில்லை.