உறுமி

நிற்கும்போது ஒன்றுமே இல்லை.
மூக்கருகே கை வைத்தால்
வெதுவெதுப்பாய் வருகிறது, போகிறது.
பல் சரி. குளம்பு சரி.
நாலு வயது, செம்பழுப்பு,
நெற்றியில் ஒரு சொட்டுச் சுண்ணாம்பு.
வாங்க வந்தவர் மனதுக்குள்
அதற்கு வேறு பெயரே வைத்துவிட்டார்.

சுற்றுக்கயிறு என் கையில்.
கில்டேரின் மார்ச் மழை நின்று
வேலி மட்டும் இன்னும் சொட்டுகிறது.
மருத்துவர் ஓர்லா கின்செல்லா
கம்பளித் தொப்பியைக் காதுக்கு மேல் ஏற்றிவிட்டுக்
கண்ணை மூடிக்கொண்டாள்.
ஓடட்டும், என்றாள்.

முதல் சுற்றில் மணல்தான் சத்தமிட்டது.
இரண்டாம் சுற்றில் தோல்வாரின் கிறீச்சு.
மூன்றாவதில் முதலாளி ஹெனபெரி
இருமத் தொடங்கினார்.
அவருக்கு இருமலே கிடையாது.
வாளியைத் தூக்கினார், வைத்தார்,
தூங்குகிற நாயைக் கூப்பிட்டார்,
டீசல் இப்படி ஏறினால், என்று ஆரம்பித்தார்.
கண் திறக்காமலே கின்செல்லா
ஒரு விரலை உயர்த்தினாள்.

அப்போது கேட்டது.
விடும் மூச்சில் இல்லை, இழுக்கும் மூச்சில்.
தொலைவில் ஈர மரத்தில் ரம்பம்.
பாதியே திறந்த கதவில்
காற்று தோளை இடித்துக்கொண்டு நுழையும் ஓசை.

சந்தையில் இதை உறுமி என்பார்கள்,
வசைச்சொல் போலக் குரல் தாழ்த்தி.

இடப்பக்க நரம்பு, என்றாள் அவள்,
கையுறையைக் கழற்றியபடி.
தொண்டைக்குப் போக வேண்டியது
தொண்டையைத் தாண்டி
நெஞ்சுக்குள் இறங்குகிறது,
பெருந்தமனியை ஒரு சுற்றுச் சுற்றி
அவ்வளவு தூரமும் திரும்ப ஏறுகிறது.
உயரமான குதிரைக்கு வழியும் நீளம்.
களைத்துவிடுகிறது.
யார் குற்றமும் இல்லை.

எனக்கு நவம்பரிலேயே தெரியும்.
விடியலில், மேட்டுப்பாதையில்,
அதன் கழுத்தோடு கழுத்தாகக் குனிந்திருந்தபோது.
காற்று என்று சொல்லிக்கொண்டேன்.
காற்று அடிக்காத நாட்களிலும்
காற்று என்றுதான் சொல்லிக்கொண்டேன்.

வந்தவர் எல்லோருக்கும் கை கொடுத்தார்,
குதிரையைத் தவிர்த்துவிட்டு நடந்தார்.
அவர் வண்டி வாசலைத் தாண்டிய பிறகும்
ஹெனபெரி இருமிக்கொண்டிருந்தார்,
நிறுத்த மறந்து.

கயிற்றை அவிழ்த்தேன்.
புல்லை மேயும் என்று நினைத்தேன்.
அது ஒருமுறை உடம்பை உதறிவிட்டு
மேட்டை நோக்கிப் பாய்ந்தது,
யாரும் ஓடச் சொல்லாமல்,
யாரும் கேட்கிறார்களா என்று பாராமல்,
உறுமிக்கொண்டு.