புள்ளி

மதுரை ரயில்வே ஆஸ்பத்திரியில்
வயிரவனுக்கு ஓர் அட்டையைக் காட்டினார்களாம்.
அட்டை நிறையப் புள்ளிகள்.
"என்ன எண் தெரியுது?"
"புள்ளிதான் இருக்கு" என்றிருக்கிறான்,
பொய் சொல்லத் தெரியாத பிள்ளை.
பரீட்சையில் தேறியவன்
இன்ஜின் ஓட்ட ஆகாமல்
கண்டனூருக்குத் திரும்பி வந்தான்.
ஊர்ப் பேரில் மட்டும் 'கண்ட' இருந்து என்ன?

"எங்க பக்கத்துல யாருக்கும் இல்லை"
என்றார் வீட்டுக்காரர்.
வாஸ்தவம்.
அவர் பக்கமிருந்து இது வரவே முடியாது.

எனக்கு அந்தக் கண்டாங்கி நினைவுக்கு வந்தது.
ஒரு தீபாவளிக்கு
இலைப்பச்சை கேட்ட ஆத்தாளுக்கு
அரக்குச் சிவப்பில் வாங்கி வந்தார் அப்பச்சி.
"கேட்டபடி பச்சை" என்று நீட்டினார், பெருமையாக.
ஆத்தாள் ஒரு சொல் பேசாமல் உடுத்திக்கொண்டாள்.
பத்து வருஷம்
கடைக்காரனை வைதுகொண்டிருந்தது நான்தான்.

டாக்டரம்மா படம் போட்டுச் சொன்னார்.
ஆணுக்குக் கட்டம். பெண்ணுக்கு வட்டம்.
அப்பச்சியின் கட்டத்தைப் பேனாவால் கருப்பாக்கினார்.
"ஆணிடம் எக்ஸ் ஒன்றுதான்.
அதில் பிசகென்றால் கண்ணில் தெரிந்துவிடும்.
பெண்ணிடம் இரண்டு.
ஒன்று தவறினாலும் மற்றது ஒப்பேற்றிவிடும்.
அப்பாவின் எக்ஸ்
மகனுக்குப் போவதில்லை,
மகளுக்குப் போகாமல் இருப்பதில்லை."

எனக்குச் சிரிப்பு வந்தது.
எங்களில் எல்லாம் தகப்பன் வழி.
கோயில், வளவு, பட்டாலையில் மாட்டிய படங்கள்.
மகளென்றால் வைரம், வெள்ளி, பித்தளை
எண்ணி எழுதி அனுப்பிவிடுவது.

அப்பச்சிக்கு ஆண்பிள்ளை இல்லை.
பங்காளி வீட்டு அடைக்கப்பனைப் பிள்ளை கூட்டினார்கள்.
அன்று அவன் கழுத்தில் மாலை, கண்ணில் தூக்கம்.
கோயில் புள்ளி அவனுக்கு,
இரும்புப் பெட்டிச் சாவி அவனுக்கு.
நல்லவன். குறை சொல்ல மாட்டேன்.
போன மாதம்கூட மாங்காய் கொடுத்தனுப்பினான்.

வேடிக்கை என்னவென்றால்,
அப்பச்சிக்குச் சொந்தமாய் மகன் பிறந்திருந்தாலும்
அந்தக் கண் அவனுக்குப் போயிருக்காது.
எந்தப் பத்திரத்திலும் எழுதாமல்,
சீர்ப் பட்டியலில் ஏறாமல்,
வெள்ளிக் குடத்துக்குள் ஒளிந்த பல்லி போல
என்னோடு வண்டியேறிவிட்டது.
நானோ எல்லா நிறமும் பார்த்தேன்.
ஆத்தங்குடிக் கல்லில் பாசி எது, மாந்தளிர் எது என்று
மேஸ்திரிக்கே திருத்தம் சொன்னேன்.
உள்ளே அப்பச்சியின் கண்
மூடியபடி இருந்தது,
வயிரவன் பிறக்கும்வரை.

மூத்தவன் சாத்தப்பனுக்கு நல்லது விழுந்தது.
இவனுக்கு இது.
"பூவா தலையா போட்ட மாதிரி" என்றார் டாக்டரம்மா.
"அண்ணனுக்குப் பூ விழுந்ததால்
தம்பிக்குத் தலை என்று கணக்கில்லை.
ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகச் சுண்டுவது."
பாகப்பிரிவினை செய்கிறவர்கள்
இதைக் கேட்டால் வழக்குப் போடுவார்கள்.

அடைக்கப்பனை எங்கே போடுவது?
கொஞ்சம் யோசித்து
புள்ளிக்கோட்டில் கட்டினார்.
வீடு முழுக்க அவன் பேரில்;
இந்தத் தாளில் புள்ளிக்கோடு.

பிறகு எனக்கு ஒரு வட்டம்.
நடுவில் ஒரு புள்ளி வைத்தார்.
"தனக்கு வராமல் கடத்துகிறவர் என்று அர்த்தம்."

கோயில் கணக்கில்
ஆணும் பெண்ணும் சேர்ந்தால்தான் ஒரு புள்ளி.
அப்பச்சி போனபின் ஆத்தாள் அரைப்புள்ளி.
எனக்கே எனக்கென்று முழுசாய் ஒரு புள்ளி
உண்ணாமுலைக்கு இதுவரை
யாரும் வைத்ததில்லை.
தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் மகள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
அவள் வட்டத்தில் கேள்விக்குறி.
"எனக்கும் இருக்குமா ஆத்தா?"
"பாதிக்குப் பாதி. வேண்டுமானால் சோதிக்கலாம்."
"சிகப்பின்னு கூப்பிடுறேன்,
அது என்ன நிறமோ" என்றான் வயிரவன்.
தலையில் ஒரு குட்டு வாங்கினான்.
வந்த நாளிலிருந்து
அன்றுதான் அவன் சிரித்தான்.

தாளைப் பிடுங்கி
அவள் வட்டத்தை வெளிச்சத்தில் பிடித்தான்,
ஆஸ்பத்திரி அட்டையைப் பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கி.
கேள்விக்குறியின் அடியில் விரலை வைத்தான்.
"இங்கயும் ஒரு புள்ளிதான் இருக்கு."