துலாக்கட்டத்து பலூன் கடை

பழையது தேக்குக் கட்டை, தோல் வாசர்.
ஐப்பசி ஈரத்தில் இறுகிக்கொள்ளும்.
தையல் மெஷின் எண்ணெய் ரெண்டு சொட்டு விட்டால்
முதல் குண்டோடு கொஞ்சம் புகையும் வரும்.
ஸ்பிரிங் விடுபடும்போது
தோள்பட்டை வரை ஒரு வசவு.

புதியது கும்பகோணத்தில் வாங்கினேன்.
கறுப்பு பிளாஸ்டிக்; குறிமுள்ளில் பச்சை வெளிச்சம்.
மடக்கியதும் தானே பூட்டிக்கொள்ளும்.
நெம்பத் தெரியாதவர்கள்
விசையை இழுத்து இழுத்து
என் முகத்தைப் பார்ப்பார்கள்.
சத்தமும் அடக்கிய தும்மல்தான்.

நேராகச் சுடுகிறது, அதுதான் வினை.
கடைமுழுக்கன்று குத்தாலத்துப் பையன் ஒருவன்
பத்துக்குப் பத்து உடைத்து
பீங்கான் நாயைத் தூக்கிக்கொண்டு போனான்.
பின்னாலேயே அவன் தம்பி.
இன்னொரு நாய்.

பழையது இடப்பக்கம் நாலு விரல் தள்ளும்.
யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.
மஞ்சளைக் குறிவைத்தால்
பக்கத்துச் சிவப்பு உடையும்.
சிவப்பைத்தான் பார்த்தேன் என்பார்
செம்பனார்கோயில் மளிகைக்கடை ஞானசேகரம்,
மனைவி பக்கம் திரும்பி.

ஆற்றங்கரையில் கூட்டம் வடிந்த பிறகு
ஸ்குரூ டிரைவரை எடுத்தேன்.
புதியதின் பின்குறியை அரைச் சுற்று திருகினேன்.
மஞ்சளைக் குறிவைத்தேன்.

மஞ்சளே உடைந்தது.

இன்னும் கால் சுற்று.