ஐம்பத்தாறு அடி

வெல்லம்பிட்டியிலிருந்து வந்த மண்
பையைப் பிரித்தவுடன் நாறியது.
செத்த நாணல், களனி கங்கையின் பழைய வெள்ளம்,
யாரோ தொலைத்த றப்பர் செருப்பின் வார்.
கறுத்த களி.
விரலால் அமுக்கினால்
ரேகையை அப்படியே வைத்துக்கொள்ளும்.
இதற்கு மேலேதான்
பதினாறு தொன் லொறி போகவேண்டுமாம்.

"தோண்டி எறிந்துவிட்டுக் கிறவல் போடக்
காசில்லை, டெல்சியா.
இருக்கிறதை வைத்துப் பார்"
என்றார் பத்திரண சேர்.
இருந்தது:
நெல் ஆலை ஒன்று சும்மா தந்த உமிச்சாம்பல்,
மூடியைத் திறக்கவே தும்மல் வரும்.
சுண்ணாம்பு, அரை மூட்டை.
பிறகு இடிபாட்டுத் தூள் மூன்று மூட்டை.
அவற்றின் வாயில் மார்க்கர் பேனையால் எழுதியிருந்தது
கழிவு, கட்டடம், தெமட்டகொட.

தூள் என்றார்கள். தூள் இல்லை.
சல்லடையை ஆட்ட ஆட்ட
செங்கல், ஓடு, வளைந்த ஆணி,
கடைசியில் கம்பியில் தங்கி நின்றது
பச்சை ஒட்டிய ஒரு துண்டு.

அந்தப் பச்சையை எனக்குத் தெரியும்.
மஹ்தூம் நானா துறைமுகத்திலிருந்து கொண்டுவந்த
கப்பல் பெயின்ற்.
ஒரே பீப்பாயிலிருந்து
பதினெட்டு வீட்டுக்கு அடித்தோம்,
தண்ணீர்க் குழாய்க்கும் அடித்தோம்.
கை கழுவ மண்ணெண்ணெய் போதாமல்
பெருநாளுக்கும் நத்தாருக்கும்
பச்சை நகத்தோடு திரிந்தோம்.
ஆகவே இது யார் வீட்டுச் சுவரென்று
சொல்ல முடியாது.
எங்களுடையதாக இருக்கப்
பதினெட்டில் ஒரு பங்கு வாய்ப்பு.
இப்போது பதினோராம் மாடியில் இருக்கிறோம்.
லிஃப்ட் வேலை செய்தால் காற்று நல்லது.

இருபது மில்லிமீற்றர் சல்லடையில் தங்குவதை
எறிய வேண்டும். அதுதான் விதி.
சுற்றிப் பார்த்தேன்.
சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு.
துண்டு மூன்றாகி
கடந்து கீழே போனது.

களியோடு சாம்பல், சாம்பலோடு சுண்ணாம்பு,
தண்ணீர் தெளித்துப் பிசைந்தேன்.
இரும்பு அச்சில் மூன்று அடுக்கு,
அடுக்குக்கு ஐம்பத்தாறு அடி.
அடிமேல் அடியடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள்.
இங்கே அடிமேல் அடியடிப்பது
மண் நகராமல் கிடப்பதற்கு.
முப்பதைத் தாண்டியதும் தோள் எண்ணும்,
நான் எண்ணுவதில்லை.

நாலு நாள் தொட்டியில் ஊறவேண்டும்.
நடுவில் போயா வந்தது, ஆய்வுகூடம் பூட்டு.
இரவு மழை.
எங்கள் மாடியிலிருந்து பார்த்தால்
வெல்லம்பிட்டிப் பக்கம் விளக்குகள்
தண்ணீருக்குள்ளும் எரிந்தன.
ஒன்றும் கலக்காத வெறுங்களி அச்சு
இந்நேரம் ஊதியிருக்கும் என்று நினைத்தபடி
படுத்தேன். மற்ற அச்சைப் பற்றி
நினைக்கப் பயமாயிருந்தது.

செவ்வாய்க்கிழமை
முளையை இறக்கினோம்.
வெறுங்களி இரண்டுக்கு மேல் ஏறவில்லை.
வெண்ணெய்க்குள் கத்தி.
கலந்தது நாலில் நின்று, யோசித்து,
ஏழு, பத்து,
முள் பதினாலில் நடுங்கியது.
சேர் விசிலடித்தார். உடனே
தொலைபேசியோடு வெளியே போனார்.

நான் படிவத்தை நிரப்பினேன்.
சேர்பொருள் என்ற இடத்தில்
கழிவு என்று எழுதக் கை வரவில்லை.
இடித்த செங்கல், இருபது மில்லிமீற்றருக்குக் கீழ்.
நிறம் என்ற இடத்தில்:
கருஞ்சாம்பல். இடையிடையே பச்சை.

கையெழுத்துப் போட வந்தவர் நிமிர்ந்தார்.
"பச்சையா? பாசி பிடித்துவிட்டதா?"
"பெயின்ற், சேர்."
"உறுதியைக் குறைக்குமா?"
"தெரியாது. இன்னொரு அச்சு அடித்துப் பார்க்கலாம்."
சரி என்றார்.
சட்டைக் கையை மடித்தேன்.
ஒன்று.