லைட் பில்லின் பின்பக்கம்

கொட்டகலையிலிருந்து நுவரெலியாவுக்கு
போக வர எண்பது கிலோமீற்றர்.
மாதம் இருபத்திரண்டு நாள்.
என் பழைய மாருதி லீற்றருக்குப் பதின்மூன்று ஓடும்,
அதுவும் மனம் வைத்தால்.
ஹைபிரிட் எங்கள் மலையில் பத்தொன்பது ஓடுமாம்.
கொழும்பில் இருபத்தைந்து என்கிறார்கள்.
கொழும்பில் எல்லாமே கொஞ்சம் கூடத்தான்.

தபாற்கந்தோரில் முத்திரை எண்ணும் கைக்கு
கூட்டல் கழித்தல் பெரிதில்லை.
நாற்பத்திரண்டு லீற்றர் மிச்சம். முந்நூறு ரூபாய்ப்படி
பன்னிரண்டாயிரத்து அறுநூறு.
பற்றரி செத்தால் மூன்று லட்சம் என்று
கோடு போட்டுக் கீழே எழுதினார் தவசீலன்.
அதை மீட்கவே இரண்டு வருடம்.
லீசிங்கை அவர் எழுதவில்லை.
பேனையை மூடிவிட்டு
நாய்க்குச் சோறு வைக்கப் போனார்.

எனக்குக் காலையில் ஏற்றம், மாலையில் இறக்கம்.
பிரேக்கை மிதிக்க மிதிக்கப் பற்றரி நிறையும்.
நிறைந்த வயிற்றோடு
இராத்திரி முழுக்கப் பனியில் சும்மா நிற்கும்.
விடிந்ததும் முதல் நாலு வளைவுக்குள்
எல்லாவற்றையும் தீர்த்துவிட்டு
என் முகத்தைப் பார்க்கும்.
என் சம்பளத்துக்கும் இதே குணம்.

இறங்குவது கரண்ட் ஆகும் என்று
இந்த ஊருக்கு யாரும் வந்து சொல்ல வேண்டாம்.
தலவாக்கலையில் ஆற்றைக் குழாய்க்குள் அனுப்பியபின்
அருவியே கந்தோர் நேரம் பார்த்துத்தான் விழுகிறது.

பின்சீட்டில் தினமும் இரண்டு பேர்.
இனோகாவும் புஷ்பகாந்தியும்.
மாதக் கடைசியில் பெற்றோல் காசு
கவரில் போட்டுத் தருவார்கள்.
வரிசை வருடத்தில் ஷெட் வாசலில்
இரண்டு இரவு என்னோடு காருக்குள் படுத்தவள்
புஷ்பகாந்தி.
"கரண்டில ஓடுற காருக்கு எதுக்கு அக்கா பெற்றோல் காசு?"
இனோகா பகிடிக்குத்தான் கேட்டாள்.
வீட்டுக்கு வந்து
அந்த வரவையும் ஒருமுறை வெட்டிப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை கந்தோர் விட்டதும்
நவ்ஷாத் கம்பளையிலிருந்து காரைக் கொண்டுவந்தார்.
வெள்ளை நிறம். சீட்டில் இன்னும் பொலித்தீன்.
மீட்டரில் ஐம்பதாயிரம் என்றது,
பெடலின் தேய்மானம் வேறொன்று சொன்னது.
"ஓட்டிப் பாருங்க மேடம், நாலு பேரும் ஏறுங்க."

நானுஓயா தாண்டி இறக்கத்தில் காலை எடுத்தேன்.
எஞ்சின் நின்றுவிட்டது.
பழுதோ என்று பயந்துபோனேன்.
"இதுதான் மேடம் விஷயம்," என்றார்.
"கேளுங்க. சத்தமே இல்லை."

கேட்டோம்.
டயரின் கீழே ஈரச் சரளை.
கண்ணாடி வைப்பர் ஒருமுறை.
அப்புறம் பின்சீட்டிலிருந்து
மூக்கை உறிஞ்சி உறிஞ்சி
அடக்கத் தெரியாமல்
அடக்க வேண்டுமென்ற பழக்கமும் இல்லாமல்
புஷ்பகாந்தி அழுதுகொண்டிருந்தாள்.

அவளுக்கும் அது கேட்டிருக்க வேண்டும்.
சட்டென்று நிறுத்தினாள்.
இனோகா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
அவளுக்கு முன்பே தெரியும்.
நவ்ஷாத் டாஷ்போர்டில்
ஏறுகிற பச்சைக் கோடுகளைத் தொட்டுக் காட்டினார்.
ஆறு வருடம்.
மாருதியின் மூன்றாவது கியர் அலறலில்
நான் விலைவாசியைக் கத்திப் பேசியபடி
இறங்கிய அத்தனை மாலையும்.

தலவாக்கலைக்கு மேலே பற்றரி நிறைந்துவிட்டது.
இனிமேல் எஞ்சின்தான் பிடிக்கும்,
கொஞ்சம் சத்தம் வரும் என்று
மன்னிப்புக் கேட்பதுபோல் சொன்னார்.
வந்தது.
எங்கள் மூவருக்கும் மூச்சும் வந்தது.

ஞாயிறு கண்டியிலிருந்து வேறு பார்ட்டி வருவதாக
நவ்ஷாத் போன் எடுத்தார்.
யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.
லைட் பில்லின் பின்பக்கத்தில் இடமும் முடிந்திருந்தது.
முன்பக்கத்தில் கட்ட வேண்டிய திகதி
போன கிழமையே போய்விட்டது.

திங்கள் மாலை
மாருதியின் பின்சீட்டில் வழக்கம்போல் இரண்டு பேர்.
என்ன கேட்பதென்று
நானுஓயா வரைக்கும் வார்த்தை தேடினேன்.
கிடைக்கவில்லை.
நாலாவது போட வேண்டிய இடத்திலும்
மூன்றாவதிலேயே வைத்து
ஓங்கி மிதித்தேன்.