நிலை: இயங்கும் / இயங்காது

அறிவித்தல் பலகையில் ஒரே குண்டூசியில் இரண்டு தாள்கள்.
மேலே,
பட்டமளிப்பு விழா, வியாழக்கிழமை,
அங்கிக்கு முற்பணம் ஐயாயிரம்,
ஒருவருக்கு அழைப்பிதழ் இரண்டு மட்டும்.
கீழே,
செவ்வாய், புதன், காலை எட்டிலிருந்து
பழுதான மின்சாதனங்களைக் கொண்டுவாருங்கள்,
அயலில் உள்ளவர்களும் வரலாம்.
காற்றடித்தால் ஒன்று மற்றதாகிறது.

இரண்டிலும் என் பெயர் உண்டு.
முதலாவதில் இருநூற்றுப் பதினேழாவது,
ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக் கூடுதலாக.
இரண்டாவதில் தொண்டர், நிறுக்கும் மேசை.

நாலு வருடப் படிப்பை ஆறு வருடம் படித்தவள் நான்.
நடுவில் ஒரு தொற்று, ஒரு வேலைநிறுத்தம்,
பெற்றோலுக்கு வரிசையில் நின்ற ஒரு நாடு.
புள்ளிவிபரவியல்.
நிறுக்க, எண்ண, கூட்டச் சொன்னால் பிழை விடமாட்டேன்.

முதலில் வந்தவர் பம்பலப்பிட்டித் தொடர்மாடிக்காரர்,
துவாயில் சுற்றிய மிக்சியோடு.
"மோட்டர் நல்லம் பிள்ளை, மூடிதான் இல்லை."
படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
இயங்கும். இயங்காது.
மூடி இல்லாததற்குக் கட்டமில்லை.

பௌதிகவியல் துறையிலிருந்து எட்டுத் திரைகள்
கழுத்தில் பிடித்துத் தூக்கிய கொக்குகளாய் வந்தன.
ஒரு பையன் ஓட்டோவை விட்டு இறங்காமலே
சாக்கு நிறைய ரிமோட்டுகளை நீட்டினான்.
எந்தெந்த வீட்டுச் செய்திகளை
பாதியில் வாயடைத்தவையோ.
காவலாளி பியதிலக்க தன் பழைய போனைத் தந்துவிட்டுப் போய்
பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார்.
அதில் ஒரு நம்பர் இருக்கிறதாம்.
யாருடையது என்று நான் கேட்கவில்லை.
நூற்றுப் பத்துக் கிராமைக் கழித்து எழுதினேன்.

மத்தியானம் ஒருவரும் இல்லை. வெயில் தார்வீதியில் படுத்திருந்தது.
உதேனி என் அங்கியைத் தூக்கித் தராசில் போட்டாள்.
ஒன்று தசம் ஒன்று கிலோ.
"இவ்வளவுதானா?" என்றாள்.
"வாடகைக்கு எடுத்தது" என்றேன்.

மூன்று மணிக்கு என் மடிகணினியை நானே கொண்டுபோய் வைத்தேன்.
பற்றரி செத்து இரண்டு வருடம்.
சார்ஜர் வயரை இடப்பக்கமாக வளைத்துப் பிடித்தால் மட்டும்
உயிர் வரும்.
விட்டால் போகும்.

வெள்ளவத்தை அறையில் அதைப் பிடித்தவள் ரிஸ்மியா.
கறண்ட் வந்துபோகும் அந்த இரண்டு மணித்தியாலம்
நான் தட்டத் தட்ட
அவள் கட்டைவிரல் வெளுத்துப் போகும்.
நோன்பு திறக்க மட்டும் கையை எடுப்பாள்.
"சேவ் பண்ணிட்டியா?" என்பாள்,
நான் தலையாட்டும்வரை பேரீச்சம்பழம் வாய்க்குப் போகாது.
ஆய்வறிக்கையின் கடைசி அத்தியாயத்தில்
நன்றி என்று ஒரு பக்கம் இருக்கிறது.
துறைத்தலைவர், நூலகர், மேற்பார்வையாளர்.
அவளை எழுத எப்படி மறந்தேன் என்று
எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இறுதியாண்டுக்கு அவள் வரவில்லை.
வாப்பாவின் கடை மூடியது, பிறகு டோஹா,
இப்போது மருதானையில் ஒரு போன் கடையில் கணக்கு.

இரண்டு அழைப்பிதழில் ஒன்று அம்மாவுக்கு.
வவுனியாவிலிருந்து இரவு பஸ், சாரி மடித்தாயிற்று.
மற்றதை மூன்று நாளாய்ப் பையில் வைத்திருக்கிறேன்.

"வியாழன் வருவியா?"
"நான் என்னத்துக்கு அங்க? பாஸ் பண்ணினவளா?"
"வயர் பிடிக்க."
இரண்டு கோடும் நீலமானது.
அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை.

படிவத்தை எடுத்தேன்.
இயங்கும், இயங்காது என்ற இரண்டுக்கும் நடுவில்
அந்தச் சாய்கோட்டின் மேல் பொடி எழுத்தில் எழுதினேன்:
பிடித்தால் இயங்கும்.
உதேனி அதை எக்செல்லில் போடும்போது
இயங்காது என்றுதான் போடுவாள். வேறு வழியில்லை அவளுக்கு.

லொறி ஐந்தரைக்கு வந்தது. கூடவே மழை.
நானூற்றுப் பன்னிரண்டு கிலோ.
வயர் மட்டும் வளைந்த இடத்தில் வளைந்தபடியே
கூடையின் மேலே கிடந்தது.

எல்லாம் ஏற்றி முடிந்த பிறகுதான் தேடினேன்,
அங்கிக்குக் கட்டிய ஐயாயிரத்தின் ரசீதை.
காணவில்லை.
போன் பையில் இருமுறை அதிர்ந்தது.
கை இரண்டும் கறுப்பு. துடைக்க வேண்டும் முதலில்.