இரண்டு கொக்கி

மலை கிடையாது எங்களுக்கு.
அணைக்கரையிலிருந்து கடல்வரை
தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறதென்று
வரப்பைக் கேட்டால்தான் தெரியும்.
ஏற ஆசைப்பட்டால்
இரும்பில்தான் ஏற வேண்டும்.

கொள்ளிடத்தைத் தாண்டும் உயரழுத்தக் கம்பிக்கு
இக்கரையில் ஒரு கோபுரம், அக்கரையில் ஒன்று.
எங்களுடையது நாற்பத்தேழாம் எண்.
போன ஐப்பசி வெள்ளம் அதன் ஒரு காலை
முட்டிவரை தோண்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தது.
எவ்வளவு சாய்ந்திருக்கிறது,
எந்த போல்ட் தளர்ந்திருக்கிறது,
ஏறிப் பார்த்து எழுத வேண்டும்.
லைன் கிளியர் மதியம் இரண்டு மணிவரை.

இடுப்பு வாரில் இரண்டு கொக்கி.
ஒன்றை மாட்டாமல் ஒன்றைக் கழற்றாதே:
அலுவலகச் சுவரில் சிவப்பில் எழுதியிருப்பது
அந்த ஒரு வரிதான் எனக்கு மனப்பாடம்.
டக். ஒரு படி.
டக். இன்னொரு படி.
படி என்றால் படியல்ல,
கோணச்சட்டத்தில் துருத்தி நிற்கும் ஆணி,
அரைப்பாதம் வைக்க இடம்.
வெயில் ஏறிய இரும்பு
கையுறைக்குள் வந்து கையைப் பிடித்துக்கொள்கிறது.

பதினோரு வருடமாக ஏறுகிறவன் பாக்யநாதன்.
கோபுரத்தின் மேல் உட்கார்ந்து
பொரிகடலை தின்றவன்.
எனக்குக் கீழே ஆறு படி விட்டு
வந்துகொண்டிருந்தான்.
முதல் கைச்சட்டம் தாண்டியதும்
அவனுடைய டக் கேட்கவில்லை.

"கொஞ்சம் இரு" என்றான்.
மேடம் என்று சேர்க்காமல்.

குனிந்து பார்த்தேன்.
சட்டத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு
கன்னத்தை இரும்பில் வைத்திருந்தான்.
அவனுக்கும் கீழே கொள்ளிடம்.
முக்கால் மைல் மணல்,
அதில் நூல் பிரிந்ததுபோல் இரண்டு மூன்று நீர்.
லாரித் தடங்கள்.
தடம் முடிகிற இடத்திலெல்லாம் குழி,
குழியில் அசையாத பச்சைத் தண்ணீர்.
மலைநாட்டில் ஆறு பாறையை அறுத்துப் பள்ளமாக்குமாம்.
இங்கே ஆற்றையே அறுத்திருக்கிறார்கள்.
தரையில் நின்றால் இது தெரியாது.
மணல்மேடு மறைக்கும், நாணல் மறைக்கும்,
வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற அவசரம் மறைக்கும்.

"நாலாவது குழி தெரியுதா?"
"எங்கே?"
"தனியா இருக்கே, கருவேலம் பக்கத்துல."
"தெரியுது."
"அதுதான்" என்றான்.

எது என்று நான் கேட்கவில்லை.
சித்திரையில் அவன் பதினாறு நாள் விடுப்பு.
விண்ணப்பத்தில் காரணம் 'சொந்த அலுவல்'.
கையெழுத்துப் போட்டவள் நான்.

ஏறுவதைவிட இறங்குவது கஷ்டம்.
ஆணியைக் கால்தான் தேட வேண்டும், கண்ணுக்கு எட்டாது.
ஆறு படி இறங்க எத்தனை நேரமோ.
அவன் விரல்கள்
வேறு யாருடையவோ போல் விறைத்திருந்தன.
அவன் கொக்கியை நானே கழற்றினேன்,
மேல் ஆணியில் மாட்டினேன்.
டக்.
காலைத் தூக்கு என்றேன். தூக்கினான்.
அடுத்தது.
டக்.
சிறுபிள்ளைக்குச் செருப்பு மாட்டுகிற மாதிரி
ஒரு மனிதனை வானத்தில் மாட்டி மாட்டி
ஏற்றிக்கொண்டிருந்தேன்.
கீழே போய்விடலாம் என்று
ஏன் இருவருக்குமே தோன்றவில்லை?

உச்சியில் காக்கைக் கூடு,
முழுக்கக் கட்டுக்கம்பியில் பின்னியது.
உள்ளே முட்டை இல்லை,
ஒரு பாட்டில் மூடி.
அதைப் பார்த்துத்தான் முதலில் சிரித்தான்.
பிறகு ஸ்பேனரை வாங்கிக்கொண்டு
போல்ட்டுகளை என்னைவிட வேகமாக முடுக்கினான்.

சாய்வு பதினாலு மில்லிமீட்டர்.
பதிவேட்டில் எழுதினேன்.

இரண்டு மணிக்கு
கம்பி மறுபடி முனக ஆரம்பித்தது.
ஜெயங்கொண்டத்தில் யாரோ
மாவு அரைக்கப் போட்டிருப்பார்கள்.
டீ வேண்டாம் என்றான்.
இடுப்பு வாரை அவிழ்க்காமலே
பைக்கில் ஏறினான்.
கரைச்சாலை மேட்டில் மறையும்வரை
இரண்டு கொக்கியும் சைலன்சரில்
தட்டிக்கொண்டே போயின.